தையல்காரரின் வலது தோள்

தையல்காரரின் வலது தோளில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கொத்தமல்லி முளைத்தது. அவர் அப்போது பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். நமைச்சல் எடுக்கிறதே என்று சட்டைக்குள் கையை விட்டவர், விரலில் ஈரமண் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். காலரை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். சொன்ன தேதிக்குத் துணி கொடுக்கும் தையல்காரர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான், அதனால் இதில் யாருக்கும் வியப்பில்லை. கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அக்கா மட்டும், "அண்ணே, மண்ணு துணியில உதிராம பாத்துக்குங்க, கறை போகாது" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

அதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆறு வயது மகள் வெள்ளையாக இருப்பதைத் தவிர எதையும் தொடமாட்டாள். சோறு, பால், தோலுரித்த உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். தையல்காரர் கெஞ்சிப் பார்த்தார், கொஞ்சிப் பார்த்தார், ஒரு தடவை கையை ஓங்கிவிட்டுத் தானே அழுதார். கடைசியில் தொழில் புத்தி வேலை செய்தது. வெளியே தையல் தெரியாமல் உள்மடித்துத் தைப்பதில் அவர் கை அத்தனை சுத்தம். அதே சுத்தத்தோடு கீரையை மைய அரைத்து, மசித்த உருளைக்கிழங்குக்குள் வைத்து உருட்டிக் கொடுத்தார். நான்கு நாள் வண்டி ஓடியது. ஐந்தாம் நாள் அவள் உருண்டையைப் பிட்டுப் பார்த்தாள். அழவில்லை, துப்பவுமில்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பெற்ற மனசுக்கு அந்தப் பார்வை போதாதா? அன்றிலிருந்து அவர் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. தானே பானையிலிருந்து சோற்றை எடுத்து, தட்டில் பரப்பி, பருக்கை பருக்கையாகப் பார்த்துத்தான் தின்றாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்த டாக்டரம்மா, "ரத்தமே இல்லையே இந்தப் புள்ளைக்கு. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதுதான்" என்றார். அன்று தையல்காரர் ஒரு சட்டையின் இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். இருபது வருடத்தில் அப்படி நடந்ததேயில்லை.

அடுத்த செவ்வாயன்றுதான் கொத்தமல்லி. செடிக்கு வெளிச்சம் வேண்டுமே என்று அவர் தனக்கொரு சட்டை தைத்துக்கொண்டார்: தோளில் ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பு, மூட ஒரு மடல், இரண்டு பொத்தான். மகள் துணி வெட்டும் மேசையில் ஏறி உட்கார்ந்து தினமும் அதைப் பார்த்தாள். இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து அவளே ஊற்றினாள். பன்னிரண்டாம் நாள் ஒரு இலையைக் கிள்ளினாள்.

"வலிக்குதாப்பா?"

"முடியப் புடுங்குற மாதிரி இருக்கு."

அவள் அதைத் தன் வாயில் போடவில்லை. அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். "நீ தின்னு."

தையல்காரர் மாட்டிக்கொண்டார். பிறந்ததிலிருந்து பச்சை நிறத்தில் எதையும் அவர் முழுங்கியதில்லை. தட்டின் ஓரத்தில் அவர் ஒதுக்கி வைத்ததையெல்லாம் மனைவிதான் பேசாமல் எடுத்துத் தின்பாள். பிள்ளை பிறந்த நாள் முதல் பார்த்து வளர்ந்தது அதைத்தான்.

"எனக்குப் பிடிக்காதும்மா. எனக்கே பிடிக்காதத உனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சேன். தப்புதான்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"எப்படி இருக்கு?"

"சோப்பு மாதிரி இருக்கு. இரு... இப்போ கொஞ்சம் பரவாயில்ல."

அவளும் ஒரு இலை கிள்ளித் தின்றாள். சோப்பு இல்லை, மழை மாதிரி இருக்கிறது என்றாள்.

மழைக்காலம் முடிவதற்குள் இடது தோளில் புதினா வந்தது, முதுகில் வெள்ளரிக்கொடி படர்ந்தது, மணிக்கட்டில் குண்டுமணி அளவுக்குத் தக்காளி காய்த்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் தெருப்பிள்ளைகள் கடையில் நுழைந்து, தாங்களே பறித்துத் தின்று, தாங்களே ருசி சொன்னார்கள். கசக்கும் என்று அவர் சொன்னால் கசந்தது. அதனால் இனிக்கும் என்று சொன்னபோது நம்பினார்கள். முள்ளங்கி கேட்ட ஒரு வாலுக்கு மட்டும், "அது வேர்ல விளையுறதுடா, எனக்கு உள்ளதான் விளையும், வேணாம்" என்றார். மகளுக்கு ரத்தம் ஊறிவிட்டதென்று டாக்டரம்மா சொன்னார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். தையல்காரரும் பட்டார், ஆனால் முழுசாக இல்லை. தானே பறித்ததைத் தின்பாள். அவர் சமைத்ததை அவளே எடுத்துப் போட்டு, கிளறிக் கிளறிப் பார்த்து, பிறகுதான் தின்பாள். அவர் கை ஒரு கவளத்தோடு நீண்டால் வாய் பூட்டிக்கொள்ளும். இப்படியே ஒரு வருடம் போயிற்று. ஏன் என்று கேட்க என்ன வாய் இருக்கிறது அவருக்கு.

ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது கரண்ட் போயிற்று. தட்டு தெரியவில்லை, கை தெரியவில்லை. புதினா வாசனை மட்டும் இருந்தது. அவள் தேடித் தேடித் தட்டைத் தடவுவது அவருக்குக் கேட்டது. பழக்க தோஷத்தில் ஒரு கவளம் உருட்டி நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் அவள் வாங்கமாட்டாள் என்பது நினைவு வந்தது. கையை இழுக்கவும் மனசில்லை.

"என்னப்பா அது?"

"கீரைச் சோறும்மா. ரெண்டு துண்டு கேரட்டும் இருக்கு."

தட்டைத் தடவும் சத்தம் நின்றது. பிறகு அவர் விரல் நுனியில் சின்னப் பற்கள் பட்டன.

விளக்கு வரும்போது தட்டில் பாதி காலியாகியிருந்தது. அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரில் ஓடும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுத்த கவளத்தை உருட்டினார்.