வாய் கட்டிய தோட்டா

ஊசிக்கரட்டுப்பட்டியில் மேகத்தைத் துப்பாக்கியால் சுட்டால்தான் மழை பெய்யும். மேகம் வந்து ஊருணிக்கு நேர் மேலே நிற்கும். சுட ஆளில்லை என்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். அதற்கும் நாலு இடம் போக வேண்டியிருக்கிறதல்லவா.

சுடுவது பவளக்கொடி. தோட்டாவுக்கு மருந்தடைத்து, குண்டு பொருத்தித் தருவது அவள் புருஷன் சடையன்.

அன்றைக்கு மேகம் மத்தியானச் சோற்று நேரத்துக்கே வந்துவிட்டது. கடலை பூத்து விழுது இறங்குகிற பருவம். மண் இளகாவிட்டால் விழுது மேலேயே கருகிப்போகும். ஒரே ஒரு மழை போதும். களத்தில் ஊரே கூடி நிற்க, பவளக்கொடி துப்பாக்கியைத் தோளில் ஊன்றி, குறி பார்த்து, விசையை இழுத்தாள்.

டிக்.

வேறு தோட்டா போட்டாள். அதுவும் டிக்.

"மருந்து நமுத்திருக்கும்த்தா," என்றார் தலையாரி கருத்தக்கண்ணன். புதுசாய் வெயிலில் காயவைத்த தோட்டாவைப் போட்டார்கள். டிக். "அப்ப துப்பாக்கி ஊசி தேஞ்சிருக்கும்." தோட்டாவை எடுத்துப் பார்த்தால், அடியில் இருக்கிற வெடிகேப்பின் நடுவே ஊசி நன்றாகவே குத்தியிருந்தது. குத்தியும் அது வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

மேலே மேகம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது.

"என்னதான்யா போட்டு அடைச்ச?" என்று பவளக்கொடி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சடையன் கையை விரித்தான். அவன் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மழை இறங்குகிற வரைக்கும் பேசுவதில்லை என்று அய்யனாருக்கு வாய்க்கட்டு விரதம்.

அவளுக்கு விளங்கிப்போயிற்று. அடைக்கிற கை எப்படியோ அப்படித்தானே தோட்டா. போன வருசம் அவன் விக்கலோடு அடைத்ததெல்லாம் ரெண்டு ரெண்டு தடவை வெடித்தது.

"விரதக்காரன் தோட்டாவத் தொடலாமாய்யா? இப்ப அதுகளும்ல விரதம் இருக்குதுக!"

"துணிய அவுத்துவிடுங்கப்பா," என்றது கூட்டம்.

"அவுத்தா சாமி குத்தம்," என்றார் தலையாரி.

மேகம் ஒரு ஓரமாக நகரத் தொடங்கியிருந்தது.

"ஏய் ராக்கு! எங்கடி இருக்க?" என்று கத்தினாள் பவளக்கொடி. ராக்கு, சடையனின் தங்கை. தூக்கத்திலும் பேசுகிறவள்.

"இங்கனதான் நிக்கிறேன் மதினி. உப்புக்கார வீட்டுப் பொண்ணு சேதி தெரியுமா? வந்த ரெண்டு மாப்பிள்ளையையும் அவ..."

"அதைச் சொல்லிக்கிட்டே இதுல மருந்தை அடை."

சொல்லிக்கொண்டே அடைத்தாள்.

பவளக்கொடி சுட்டாள். வெடித்தது. வெடித்தது, வெடித்துக்கொண்டே இருந்தது. முதலில் வந்த மாப்பிள்ளையின் தொந்தி, அடுத்து வந்த மாப்பிள்ளையின் ஆத்தாக்காரி, பெண் பார்க்க வந்த இடத்தில் காணாமல் போன வெற்றிலைத் தட்டு என்று ஒன்றுவிடாமல் வானம் முழுக்க முழங்கியது. மேகம் நின்றுவிட்டது. சிரித்துக் குலுங்கியதில் பாதி மழை கொட்டியது, மீதி குண்டு பட்ட ஓட்டை வழியாக ஊற்றியது. கடலைக்காடு தொப்பலாக நனைந்தது. சடையன் துணியை அவிழ்த்துவிட்டு, "காப்பி இருக்கா?" என்றான்.

மருந்து தீர்ந்ததும் வேட்டுச் சத்தம் பாதிப் பேச்சில் நின்றது.

காலியான மேகம் அடுத்த ஊருக்குக் கிளம்பவில்லை. மெல்ல இறங்கிக் களத்துக்கு வந்து, உட்கார்ந்திருந்த ராக்கு பக்கத்தில் நின்றது.

"அப்புறம் அவ யாரைத்தான் கட்டிக்கிட்டா?"

ராக்கு தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"ஓரத்தைப் பிழிஞ்சிட்டு உக்காரு தாயி, சொல்றேன்."