மூச்சு எடுக்கும் இடம்

கழிப்பறைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும் கிடங்கில், ஒரு கோப்பையின் மூடியை மூடி அதன்மேல் உட்கார்ந்து ஹோவர்ட் டிரான்டர் பன்றிக்கறி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோதுதான் நைஜல் பார்டோ உள்ளே வந்தார். இங்கிலாந்தின் டட்லி நகரத்துப் பிளம்பர்களைத் தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது. நைஜலின் தலையில் ஒரு முடிகூட மிச்சமில்லை. கழுத்துக்குக் கீழே மட்டும் எதுவும் மாறவில்லை, அதே கறுப்புத் தோல் சட்டை, அதே சங்கிலி. 'சிண்டர் ஆக்ஸ்' என்ற ஹெவி மெட்டல் குழுவை ஆரம்பித்தவர், அதன் கிட்டார்காரர், அறுபதைத் தாண்டியும் அதை விடாமல் இழுத்துக்கொண்டு திரிகிறவர். வீட்டில் ஏதோ குழாய் உடைந்துவிட்டது போல என்றுதான் ஹோவர்ட் முதலில் நினைத்தார்.

"சாப்பிட வேற எடமே கிடைக்கலியா ஒனக்கு?" என்றார் நைஜல்.

"புதுசுதான். இன்னும் யாரும் போகல இதுல."

நைஜல் சிரித்தார். ஆனால் ஹோவர்டின் குரலைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. தொண்டையில் வந்த கட்டியை வெட்டி எடுத்தபோது குரலையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். பேசினால் காற்றுதான் வரும், சத்தம் ஏதோ போனால் போகிறதென்று கூட வரும். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடும்போது ஹோவர்ட் பேசுவதே இல்லை. விசில் அடிப்பார், கையைக் காட்டுவார். அவர் ஒரு காலத்தில் பாடகர் என்று சொன்னால், உடன் வேலை செய்கிற பையன்கள் ஜோக் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"'ஆறிய உலை' திரும்ப வரப்போகுது ஹோவி. புதுசா ரிலீஸ் பண்றோம். பெரிய இசைத்தட்டுல, நல்ல அட்டை போட்டு."

ஹோவர்டுக்குக் கையிலிருந்த சாண்ட்விச்சை என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் வைத்தார், பிறகு எடுத்தார். அவர் பாடிய ஒரே ஆல்பம் அது. குழுவின் அசல் பாடகர் ராய் ஃபெல்லோஸ் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியபோது, டிப்டனில் ஒரு பப்பில் பாடிக்கொண்டிருந்த ஹோவர்டை ட்ரம்ஸ்காரர் மாலிதான் கண்டுபிடித்து இழுத்து வந்தார். ஆல்பத்தின் அட்டைப் படத்தில் ஹோவர்டின் முகத்தை மட்டும் இருட்டில் நிறுத்தி எடுத்தார்கள். கடையில் புரட்டிப் பார்க்கிறவன் ராய் என்றே நினைத்து வாங்கிப் போகட்டும் என்று மேனேஜர் போட்ட கணக்கு. யாரும் ஏமாறவில்லை, யாரும் வாங்கவும் இல்லை. மேடையில் அவர் உயிரைக் கொடுத்துப் பாடும்போது கூட்டம் "ராய்! ராய்!" என்று கத்தியது. முன்வரிசையில் நின்றவர்கள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். பிளாஸ்டிக் கோப்பைகள் பறந்து வந்தன. உள்ளே இருந்தது பீராக இருந்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று அர்த்தம். அடுத்த வருஷமே ராய் திரும்பி வந்தார், ஹோவர்ட் தன் வீட்டுக்குப் போனார். அதன்பிறகு குழு அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனாலும் அது நல்ல ஆல்பம். அதை ஹோவர்ட் மட்டும் சொல்லவில்லை, சாகும்வரை மாலியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றார் ஹோவர்ட். அதற்குமேல் காற்றுகூட வரவில்லை.

நைஜல் கூரையைப் பார்த்தார். "ராய் பாடறான்."

"என்னது?"

"பாட்டு அதேதான். கிட்டார், ட்ரம்ஸ் எல்லாம் அதேதான். மேல குரல் மட்டும் ராய். ஜனங்க அவனைத்தான் கேக்கறாங்க ஹோவி. கம்பெனிக்காரனும் அதுக்குத்தான் ஒத்துக்கிட்டான். நான் என்ன பண்ணட்டும்?"

சந்தோஷம் முழுசாக உள்ளே இறங்குவதற்குள் பிடுங்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று ஹோவர்டுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நைஜல் அத்தோடும் நிறுத்தவில்லை. ஒரு சிக்கல் இருக்கிறது, ஹோவர்ட் ஸ்டூடியோவுக்கு வந்தால்தான் தீரும் என்றார். என்ன சிக்கல் என்று சொல்லும்போது அவர் ஹோவர்டின் முகத்தைப் பார்க்கவில்லை, பக்கத்திலிருந்த ஒரு வாஷ்பேசினைத் தடவிக்கொண்டே சொன்னார்.

அன்று மாலை வீட்டில் மனைவி லோர்னா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். "அவனுக்கு நீ சொல்லிக் குடுக்கப் போறியா? உன் பாட்டை? ஒனக்கு மூளை கீளை கழண்டுடுச்சா?"

"சொல்லிக் குடுக்கப் போகல. கெஞ்சப் போறேன்."

"கெஞ்சினா விட்டுடுவானா?"

லோர்னா ஹோவர்டைக் கல்யாணம் செய்துகொண்டது கட்டியை எடுத்த பிறகு. அவள் அறிந்த குரல் இந்தக் காற்றுக் குரல்தான். மற்றதை வீட்டிலிருக்கும் ஒரே ஒரு சிடியில்தான் கேட்டிருக்கிறாள், அதுவும் கீறல் விழுந்து மூன்றாவது பாட்டிலேயே நின்றுவிடும். முதல்முறை கேட்டபோது அவள் அடுப்படித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதது ஹோவர்டுக்கு மறக்கவில்லை. கடைசிப் பாட்டை அவள் இன்றுவரை கேட்டதில்லை.

ஸ்டூடியோ, மூடிப்போன ஒரு சங்கிலிப் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. சவுண்ட் இன்ஜினியர் ஜெஸ் என்ற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஹோவர்டைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தாள். "இந்த மாசம் பூரா உங்க குரலோடதான் குடித்தனம்," என்றாள். பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நைஜலைப் பார்த்தாள்.

"போட்டுக் காட்டு அவனுக்கு," என்றார் நைஜல்.

அவள் கடைசிப் பாட்டை ஓடவிட்டாள். ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து ஹோவர்டின் குரல் வந்தது. முப்பத்தெட்டு வயதுக் குரல், எதற்கும் பயப்படாத குரல். ஹோவர்ட் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெஸ் ஒரு பொத்தானை அழுத்தினாள். குரல் போய்விட்டது. கிட்டாரையும் நிறுத்தினாள். மாலியின் ட்ரம்ஸ் மட்டும் மிஞ்சியது. இல்லை, அது மட்டும் மிஞ்சவில்லை. அடிகளுக்கு நடுவே, சிம்பல் தட்டின் அதிர்வுக்குப் பின்னால், அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் பாடுவதுபோல ஹோவர்டின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆல்பத்தைப் பதிவு செய்தபோது எல்லாரும் ஒரே அறையில்தான் வாசித்தாக வேண்டும் என்று அடம்பிடித்தது மாலி. கண்ணாடிக் கூண்டுக்குள் போய்த் தனியாகப் பாடுகிறேன் என்று ஹோவர்ட் சொன்னதற்கு, "என் எதுத்தாப்ல நின்னு பாடுடா. உன் மூஞ்சியைப் பாத்தாத்தான் எனக்குக் கை ஓடும்," என்றார். அப்படித்தான் பாடினார்கள். ட்ரம்ஸைச் சுற்றி வைத்திருந்த மைக் எல்லாம் ஹோவர்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டன. மாலி உயிரோடு இருந்திருந்தால் ட்ரம்ஸை மறுபடி வாசித்து ஒரே நாளில் சிக்கலைத் தீர்த்திருப்பார்கள்.

"இதைத் தனியா நோண்டி எடுக்கப் பாத்தேன்," என்றாள் ஜெஸ். "எடுத்தா ட்ரம்ஸ் தகர டப்பா மாதிரி ஆயிடுது. ஒரே வழிதான். ராய் அப்படியே உங்களை மாதிரியே பாடணும். நீங்க ஆரம்பிக்கற எடத்துல ஆரம்பிச்சு, மூச்சு எடுக்கற எடத்துல எடுத்து, நிறுத்தற எடத்துல நிறுத்தணும். அப்போ உங்க குரல் அடியில மறைஞ்சுடும். கொஞ்சம் பிசகினாலும் வெளிய எட்டிப் பாக்குது."

ஹோவர்ட் நைஜலைத் தனியாக வெளியே நடைவழிக்கு அழைத்துப்போனார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நைஜலின் தோல் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பாட்டு. ஒண்ணே ஒண்ணு என் குரல்ல இருக்கட்டும். கடைசிப் பாட்டு. பேரு கூடப் போட வேணாம்டா. எனக்குன்னு வேற எதுவும் இல்ல நைஜல். இதைத் தொறந்தா," தொண்டையைத் தொட்டுக் காட்டினார், "உள்ள ஒண்ணும் இல்ல."

நைஜலின் கண் கலங்கியது உண்மைதான். ஆனால் கண் கலங்குகிறவர்கள் எல்லாரும் மனசு மாறிவிடுவதில்லை. "உன் குரல்ல வந்தா ஒருத்தனும் வாங்க மாட்டான். கம்பெனிக்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். ராய்னால முடியலைன்னா டேப் பழையபடி அலமாரிக்குத்தான் போகும். அப்புறம் மாலி வாசிச்சதையும் யாரும் கேக்கப்போறதில்ல. ஒனக்கு அதுதான் வேணும்னா இப்பவே வீட்டுக்குப் போ, நான் தடுக்கல."

ராய் மதியத்துக்கு மேல் வந்தார். ஹோவர்ட் அவரை நேரில் பார்த்தது இரண்டு தடவையோ என்னவோ. மேடையில் சிங்கம் மாதிரி நின்ற ஆள், இப்போது வாசலிலிருந்து சோபாவுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். நுரையீரல் கெட்டுப்போயிருந்தது, ஊருக்கே தெரியும். கூண்டுக்குள் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார். குரலில் பழைய கரகரப்பு அப்படியே இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் பாதியில் மூச்சு தீர்ந்தது. அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் பின்னாலிருந்து ஹோவர்டின் பழைய குரல் தலையை நீட்டியது. வெளியே சோபாவில் உட்கார்ந்திருந்த ஹோவர்டுக்கு முதலில் குரூரமான ஒரு சந்தோஷம் வந்தது. 'தோத்துப் போடா, தோத்துப் போ' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கேட்டார். நாலாவது தடவை ராய் இருமி இருமி மைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது அந்தச் சந்தோஷம் கசந்துபோனது.

ராய் வெளியே வந்து அவர் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தார். "எப்படிரா பாடின இதை?" என்றார். "நானும் பெரிய இவன்னு நெனச்சிட்டிருந்தேன். நீ எங்கதான்டா மூச்சு விடற?"

இத்தனை வருஷத்தில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவரும், மாலியைத் தவிர, ஹோவர்டிடம் அந்த ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அப்போ இதை நான் கேக்கவே இல்ல. பொறாமைதான், வேற என்ன," என்றார் ராய். "இப்பத்தான் கேக்கறேன். என்னை ஹாஸ்பிடல்காரன் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் இழுத்துப் பிடிச்சாலே பெருசு. நான் பாடினா நீ காணாம போயிடுவேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேக்கறேன். சொல்லிக் குடு."

எழுந்து போய்விடலாம் என்றுதான் ஹோவர்ட் எழுந்தார். கோட்டைக்கூட எடுத்துவிட்டார். ஜெஸ் எதற்கோ ட்ரம்ஸை மட்டும் மறுபடி ஓடவிட்டாள். மாலி அடித்துக்கொண்டிருந்தார், எதிரே நிற்கும் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு. தான் போனால் மாலியும் அலமாரிக்குள் போவார், தன் குரலும் கூடவே போகும், ராயும் போவார். இருந்தால், தான் மட்டும் போவார். இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் லோர்னா கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கோட்டை சோபாவில் போட்டுவிட்டுக் கூண்டுக் கதவைத் திறந்தார்.

சொல்லிக் கொடுக்கக் குரல் இல்லை. ராயின் பின்னால் நின்று, வலது உள்ளங்கையை அவர் விலா எலும்புகளின் கீழே வைத்தார். சட்டைக்குள் வெறும் எலும்புதான் இருந்தது. இன்னொரு ஹெட்ஃபோனைத் தன் காதில் மாட்டிக்கொண்டார். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் கையை மெல்லத் தளர்த்தினார், விட வேண்டிய இடத்தில் அழுத்தினார். ராய் புரிந்துகொண்டார். முதல் வரி சரியாக விழுந்தது. இரண்டாவது வரியில் ஜெஸ் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கட்டைவிரலை உயர்த்தினாள். பின்னாலிருந்த குரல் மறைந்துகொண்டே வந்தது. ஹோவர்ட் தன் கையாலேயே தன்னை மூடிக்கொண்டிருந்தார், வரிக்கு வரி, சுத்தமாக. இடையில் ஒரு தடவை வேண்டுமென்றே கையைத் தாமதிக்கலாமா என்று விரல் துடித்தது. துடித்ததே தவிர, கை தன் வேலையைச் செய்தது. பாட்டு என்று வந்துவிட்டால் அந்தக் கைக்குத் தப்பாகச் செய்யத் தெரியவில்லை.

கடைசி வரி வந்தது. அதில் கிட்டார் நின்றுவிடும். மாலி சிம்பலை ஒரே ஒரு அடி அடித்துவிட்டு அதிரவிடுவார். அதன்மேல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஹோவர்ட் போய்க்கொண்டே இருப்பார். பதிவு செய்த அன்று மாலி குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், போதும்டா, செத்துடாதே என்பதுபோல. ராய் அந்த ஸ்வரத்தைப் பிடித்தார். ஹோவர்ட் கையை அழுத்தினார். எலும்புகளுக்குள் மிச்சமிருந்த காற்று முழுவதும் உள்ளங்கையின் கீழே ஓடிப்போவது தெரிந்தது. ராயின் மூச்சு அறுந்தது.

டேப்பிலிருந்த குரல் மட்டும் நிற்கவில்லை. சிம்பலின் அதிர்வுக்குள்ளிருந்து அது தனியாக மேலே போய்க்கொண்டிருந்தது, மெலிதாக, யாருடைய உதவியும் இல்லாமல். ராய் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஹோவர்டின் வாய் முழுசாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன, கண்ணிலிருந்து நீர் தாடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வாயிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

ஹெட்ஃபோனில் நைஜலின் குரல் வந்தது. "எல்லாம் பிரமாதம். கடைசி வரி மட்டும் வெளிய தெரியுது. இன்னொரு தடவை போலாமா?"

ராய் மறுபடி மைக்கின் பக்கம் திரும்பினார். ஹோவர்ட் வாயை மூடிக்கொண்டார். கை இன்னும் அங்கேயேதான் இருந்தது. காதில் மாலி மறுபடி அடிக்க ஆரம்பித்தார். உள்ளங்கையின் கீழே அந்த மெலிந்த விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரிந்து, மூச்சை வாங்கிக்கொண்டு, கை அழுந்துவதற்காகக் காத்திருந்தன.