அழியாத பென்சில் கோடு

பிளம்பருக்குத் தோள்பட்டை போய் ஆறு மாதம். ஏணியிலிருந்து விழுந்தவர் பிழைத்ததே பெரிது என்று எல்லாரும் சொன்னார்கள். அவரோ லைசென்ஸ் போகிறதே என்று புலம்பிக்கொண்டிருந்தார். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவருக்கு அதைப் புதுப்பித்துத் தர மாட்டார்களாம். அதனால் இன்று அவர் மனைவி தன் பெயரில் லைசென்ஸ் எடுக்கப் பரீட்சைக்கு வந்திருந்தாள். பதினெட்டு வருஷமாக அவர் கூடவே வேலை செய்தவள், ரெஞ்சும் கையுமாகவே திரிவதால் கட்டடங்களில் அவளுக்கு 'ரெஞ்சக்கா' என்றுதான் பெயர். உண்மையைச் சொன்னால் பாதிக்கு மேல் உழைப்பு அவளுடையது, கையெழுத்து மட்டும் அவருடையது.

நாற்பது வீடுகள் கொண்ட புதுக் கட்டடம் ஒன்றின் குழாய் வேலை கைக்கு வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை உங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்று கட்டடக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

செய்முறைக் கூடத்தில் ஏழு ஆண்கள், அவள் ஒருத்தி. ஆளுக்கொரு மரப்பலகை. அதில் ஒரு குளியலறைக்கான குழாய்களை முழுக்க அமைக்க வேண்டும். காலையில் வேலை; பசை காய்ந்ததும் மத்தியானம் தண்ணீர் ஏற்றி அழுத்தம் பார்ப்பார்கள். பிளம்பர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

அவள் முதலில் எல்லாத் துண்டுகளையும் பசையில்லாமல் பொருத்திப் பார்த்தாள். குழாயும், அதை வளைத்துத் திருப்பும் எல்போ மூட்டும் சேரும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு. பிறகு கழற்றி, பசை தடவி, கோட்டோடு கோடு சேர்த்துத் திருகினாள். வழிந்த பசையைத் துடைக்கும்போது கோடும் அழிந்துவிடும். பக்கத்துப் பலகைக்காரர் இரண்டு தடவை அளவு தப்பிக் குழாயைப் பாழாக்கினார். இவள் ஒரு துண்டைக்கூட வீணாக்கவில்லை. "என் வீட்டுக்காரி" என்று வாட்ச்மேனிடம் மூன்றாவது முறையாகச் சொன்னார் பிளம்பர். மனுஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மத்தியானம் பரீட்சை அதிகாரி பம்பை இணைத்தார். அழுத்தம் காட்டும் கேஜில் முள் ஏறி நின்றது. பதினைந்து நிமிடம் அசையவே இல்லை. அவர் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் அவள் பலகையின் கீழ் மூலையில் குனிந்து பார்த்தாள். அவள் முகம் போன போக்கிலேயே பிளம்பருக்கு விளங்கிவிட்டது. ஏதோ ஒரு எல்போவில் கோடு அழியாமல் நிற்கிறது. பசை போட மறந்துவிட்டாள். இறுக்கிச் செருகிய குழாய் பசை இல்லாமலும் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் ஒரு நாள் கழன்றுகொள்ளும்.

வாயைத் திறந்துவிடாதே தாயே என்று மனதுக்குள் கும்பிட்டார். நாளைக்கே பிரித்துப் போடப்போகிற பலகை. யார் குடி மூழ்கப்போகிறது?

கதவு திறந்திருந்தது. அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"சார், எழுதாதீங்க. இந்த எல்போவுக்கு நான் பசை போடல."

"முள் நிக்குதேம்மா."

"இப்ப நிக்கும் சார். இறுக்கத்துல நிக்குது, அவ்வளவுதான்."

அதிகாரி தண்ணீரை வடித்துவிட்டு எல்போவை ஆட்டி இழுத்தார். கையோடு வந்துவிட்டது. "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். ஆனாலும் விதி விதிதான். தோல்வி என்று எழுதினார், அடுத்த பரீட்சை அடுத்த மாதம். எழுதி முடித்ததும் எழுந்து நின்று, தாளை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். மற்ற ஏழு பேருக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் கொடுத்தார்.

பஸ் நிறுத்தத்தில் பிளம்பர் கட்டடக்காரருக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னார். "பாவம்தான். ஆனா என்னால காத்திருக்க முடியாதுங்க" என்று அவர் வைத்துவிட்டார். நாற்பது வீடும் போயிற்று.

"திட்டுறதுன்னா திட்டிடுங்க" என்றாள் அவள்.

அவருக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அவள்மேல் வரவில்லை.

"உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்றார். "அந்த டீச்சரம்மா வீட்டுல தண்ணி கசிஞ்சு சீலிங் இடிஞ்சு விழுந்துச்சே, டைல்ஸ்காரர்தான் குழாயை உடைச்சிட்டார்னு சொன்னேன். அவரை வேலையை விட்டே அனுப்பினாங்க. அது அவர் இல்ல. நான்தான் ஒரு எடத்துல பசை போடாம விட்டுட்டேன்."

அவள் பையை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"தெரியுங்க. அந்தக் குழாயை மாத்தினது நான்தானே. உள்ளே பசையே இல்ல."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"இருந்தேன். நீங்க திணறி நின்னதைப் பார்த்து அன்னைக்கு வாயைத் திறக்கல. அந்தப் பாவம் ஒண்ணு போதுங்க எனக்கு."

அவர்கள் வீட்டுப் பக்கம் போகும் பஸ் வந்து நின்றது. பிளம்பர் ஏறவில்லை.

"அந்த டைல்ஸ்காரர் இப்ப எங்க இருக்கார்னு தெரியுமா?" என்று கேட்டார்.