கோட்டையில் ஆறிய காபி

நான் கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்த பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, என் கணவர் வஸ்ஃபி எங்கள் ஊரான இர்பிதிலிருந்து வந்து தெருவில் நின்று ஹாரன் அடித்தார். பெரியவர்கள் நாலு பேரோடு வந்து முறைப்படி கேட்டு என்னை அழைத்துப்போக வேண்டிய மனிதர், பிள்ளைகளை மலைமேல் இருக்கும் அஜ்லூன் கோட்டைக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறாராம். "தானா போனவ தானா வரட்டும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவர் வேறெப்படி வருவார்? எனக்கும் வீம்புக்குக் குறைச்சலில்லை. அவர் கேட்காமல் அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்றுதான் இருந்தேன். அதற்காக நாலு வயது கினானை அவ்வளவு உயரத்தில் இவரை நம்பி விட முடியுமா? கடையில் பிள்ளையை விட்டுவிட்டுத் தக்காளியோடு வீடு வந்து சேர்ந்தவர் இவர். நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கோட்டையில் அம்பு விடுவதற்கென்று வைத்த துளை ஒவ்வொன்றிலும் கினான் தலையை நுழைத்தான். ஒவ்வொன்றிலிருந்தும் அவனைக் காலைப் பிடித்து இழுத்தேன். வஸ்ஃபி என்னிடம் பேசுவதாக இல்லை.

"சுந்துஸ், உங்கம்மாவ நிழல்ல நிக்கச் சொல்லு."

"உங்கப்பாகிட்ட சொல்லு, நிழல் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும்."

ஏழு வயது சுந்துஸ் இப்படி மூன்று மாடியும் எங்களுக்கிடையில் ஓடினாள். மேல்மாடியில் அவளுக்கு அலுத்துவிட்டது. தம்பியை இழுத்துக்கொண்டு ஒரு சின்ன அறைக்குள் போய், அங்கே கிடந்த மரத்தடுப்பை வாசலுக்குக் குறுக்கே போட்டாள்.

"நாம நாலு பேரும் ஒண்ணா வீட்டுக்குப் போறதுன்னாத்தான் வருவோம். இல்லன்னா இங்கயே இருப்போம்."

வஸ்ஃபி சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார். தடுப்புக்கடியிலிருந்து கினானின் கை வந்தது, பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. அவ்வளவுதான்.

கோட்டையைச் சாத்தும் நேரமாகி, காவலாளி அபு திரார் சாவிக்கொத்தோடு வந்தார். பெரிய மீசை. சுந்துஸ் உள்ளேயிருந்தே அவரிடம் எங்கள் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டிவிட்டாள். நான் கூசிப்போனேன். அவர் திட்டவில்லை. வெயில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு கிழவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவர்களும் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, பெண் கேட்க வந்தவர்கள்போல என் எதிரே வரிசையாக உட்கார்ந்தார்கள். அபு திரார் பிளாஸ்க்கிலிருந்து சின்னக் கோப்பையில் கசப்புக் காபியை ஊற்றி, கல்லின்மேல் வைத்தார். கினானின் அம்மா என்று, பிள்ளை பேரைச் சொல்லி என்னை அழைத்தார்.

"உம்மு கினான், இவன் யாரு எவருன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா கேக்கணும்னு வந்துட்டோம். நீ சரின்னு சொல்ற வரைக்கும் இந்தக் காபியத் தொட மாட்டோம்."

அப்போது கினான் தடுப்புக்கடியில் தவழ்ந்து வந்தான். சிப்ஸ் தின்ற தாகம். கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மூஞ்சியைக் கோணிக்கொண்டு நின்றான்.

"குடிச்சாச்சு! முடிஞ்சுது!" என்று கிழவர்களில் ஒருவர் தொடையைத் தட்டினார்.

"சின்னப் புள்ள குடிச்சது எப்படிங்க செல்லும்?" என்றேன்.

"கோப்பை காலிம்மா. வயசெல்லாம் பாக்கறதில்ல" என்றார் அபு திரார்.

"செல்லும்மா, செல்லும்" என்றது அறைக்குள்ளிருந்து ஒரு குரல்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "கேக்க வேண்டியவரு இன்னும் கேக்கலயே!" என்று கத்திவிட்டேன். பதினெட்டு நாளாய் நெஞ்சில் கிடந்தது அதுதான்.

வஸ்ஃபி முன்னால் வந்தார். பிளாஸ்க்கை வாங்கித் தானே ஊற்றினார். அவசரத்தில் பாதி கல்லில் போனது. கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வா. வீடு வீடா இல்ல. நான்தான்... வா."

ஒரு வார்த்தையில் மன்னித்துவிட எனக்கு மனசில்லை. கோப்பையை அவர் கையில் கொடுத்தால் சரி என்றாகிவிடும், அங்கேயே விட்டுப்போனால் எல்லாம் முடிந்தது என்றாகிவிடும். கீழே யாரோ கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தார்கள்.

கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். சுந்துஸ் தடுப்பைத் தள்ளிவிட்டு வந்து, தம்பியோடு முன்னால் போனாள். மலைக்காற்று வேகமாக அடித்தது. காபி சிந்திவிடாமல் வஸ்ஃபி தன் இரண்டு உள்ளங்கைகளையும் கோப்பையைச் சுற்றிக் குவித்தபடி, என் பக்கத்தில் ஒவ்வொரு படியாகக் கால்வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்.