கேனில் தொங்கிய பைப்பு

தர்பூசணிக் கொடியில் இலையோரம் கருகத் தொடங்கியதும் நான் முதலில் திட்டியது விதை விற்றவனை. அடுத்து, கிணற்றுக்கு மோட்டார் மாட்டிய என் வீட்டுக்காரர் காசிலிங்கத்தை.

"இன்னா மோட்டார் மாட்டினீங்க? தண்ணி வாயில வெக்க முடியல, இப்படிக் கரிக்குது!"

அவர் பாட்டுக்கு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கும் சேர்த்துத் திட்டினேன். இப்படியே பதினைந்து நாள்.

பின்னே என்ன செய்வது? மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போகிற எனக்கு, என்னுடையது என்று சொல்ல அம்மா கொடுத்த அந்த அரை ஏக்கர்தான் இருக்கிறது. போன வருஷம் மழையை நம்பி மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டோம், காய்ந்துபோனது. இந்த வருஷம் உறைக் கிணறு இறக்கினோம். இதுவும் சரிப்படாவிட்டால் இறால் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். இறால் குட்டை வெட்டிய மண்ணில் அப்புறம் எதுவும் விளையாது.

புதன்கிழமை காலை, உப்பளத்து மேஸ்திரி கலியபெருமாள் உப்புக் கிணற்றிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் இறைக்கச் சொன்னார்.

"வசந்தா, பைப்பை நல்லா அடியில விடும்மா. அங்கதான் உப்பு கெட்டியா இருக்கும். மேல்தண்ணி சப்புன்னு கிடக்கும்."

பதினாறு வருஷமாகச் செய்கிற வேலை. கை தானாகப் பைப்பை இறக்கியது. அடிமண் தட்டியது. அப்படியே நின்றுவிட்டேன். அடிப்பாவி! எங்கள் கிணற்றிலும் பைப்பை இறக்கியது நான்தானே! "தள்ளுங்க, உங்களுக்குத் தெரியாது" என்று வீட்டுக்காரரை விரட்டிவிட்டு, இதேபோல் அடிமண் தட்டும்வரை விட்டேனே!

"மேஸ்திரி, எனக்கு அரை நாள் லீவு!"

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"என் புத்தி புல் மேயப் போயிருந்துச்சு, இப்பதான் வந்துச்சு!"

ஓடிப்போய் எங்கள் கிணற்றுப் பைப்பை மேலே இழுத்து, காலி கேன் ஒன்றில் கட்டி, அதன் வாய் மேல்தண்ணீரிலேயே இருக்கும்படி மிதக்கவிட்டேன். மோட்டாரைப் போட்டு ஒரு கை அள்ளிக் குடித்தேன். சப்பென்று இருந்தது. அவ்வளவு ருசியான தண்ணீரை நான் குடித்ததே இல்லை. ஆசையில் ஒரு மணி நேரம் ஓட்டியதில் அடி உப்பு மேலேறி மறுபடி லேசாகக் கரித்தது. உடனே நிறுத்தினேன். அதன் பிறகு காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணிதான். நடுவில் கிணறு ஊற வேண்டும்.

வெள்ளிக்கிழமை பண்ணைக்காரர் பைக்கில் வந்து நின்றார். கொடியில் ஒரு துளிர்கூட இன்னும் வரவில்லை. காசிலிங்கம் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லை, சொல்லித் தொலைத்தேன்.

"தப்பு என்னுதுங்க. உப்பளம்னு நெனச்சு பைப்பை அடியில விட்டுட்டேன். இப்ப மாத்திட்டேன். நெலத்தைக் குடுத்துடாதீங்க."

காசிலிங்கம் கிணற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குப் போய் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "நெலம் குடுக்கறதா இல்லைங்க" என்று பண்ணைக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏப்ரலில் முதல் பழத்தை அவரே அறுத்தார். செக்கச்செவேலென்று துண்டு போட்டுத் தட்டில் கொண்டுவந்து நீட்டினார். ஓரத்தில் ஒரு கை உப்பு குவிந்திருந்தது.

"இது எதுக்கு?" என்றேன்.

"உனக்குத்தான் உப்பு இல்லாம எறங்காதே வசந்தா!"

அத்தனை உப்பையும் அள்ளி அவர் தலையில் கொட்டிவிட்டுத்தான் பழத்தைக் கடித்தேன். ஐயோ, என்ன தித்திப்பு!