குவியல் தீரும்வரை

என் வீட்டுக்காரர் வீரையன் மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் எண்ண ஆரம்பித்தார். முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. அறுபத்தெட்டு வயசு, இரண்டு வருஷமாக மறதி. மோட்டார் கொட்டகைச் சாவியை அரிசிப் பானைக்குள் வைப்பார், சாப்பிட்ட கை காயும் முன்னே சாப்பிடவில்லை என்று சண்டைக்கு வருவார். அதோடு இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். சித்திரை பிறந்தபோது ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தார்.

நான் கதை கட்டவில்லை. எந்த எண்ணில் தூங்கிப்போனாரோ, விடிந்து கண் விழித்ததும் அதற்கு அடுத்ததில் தொடங்குவார். சோற்றை வாயில் வைத்தால் மென்று விழுங்குகிற நேரம் நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து போகும். வேறு ஒரு பேச்சு கிடையாது. பங்குனித் தொடக்கத்திலேயே தஞ்சாவூரில் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். அவர் முன்னால் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினாறு என்றார் இந்த மனுஷன்.

"பொண்டாட்டி பேரு மறந்துபோச்சு, பெத்த புள்ள பேரு மறந்துபோச்சு. இது மட்டும் எப்படிங்க மறக்கல?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"சிலருக்கு அப்படி ஆகும்மா."

"எப்பங்க முடியும்?"

"முடியும்னு சொல்ல முடியாதும்மா. இப்படியே போகும். நீங்க உடம்பைப் பாத்துக்குங்க."

என் உடம்புக்கு என்ன கேடு? வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது நாற்பத்தோராயிரத்து நானூறைத் தாண்டிவிட்டார்.

எனக்கு வேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை. நாற்பத்தாறு வருஷம் "அம்சம்" என்று கூப்பிட்ட வாய் அது. கோபத்தில் கூப்பிட்டிருக்கிறது, வயலுக்குக் கஞ்சி வரத் தாமதமானால் வரப்பிலிருந்தே ஊர் கேட்கக் கூப்பிட்டிருக்கிறது. சாவதற்குள் இன்னொரு தடவை அது என்னைக் கூப்பிட வேண்டும். எண்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதால்தான் என் பேர் வெளியே வரவில்லை என்று நினைத்தேன். எண்ணிக்கை எங்கேயாவது நின்றால் வந்துவிடும்.

அது எங்கே நிற்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அடுத்த வீட்டு அறிவுமதியைக் கேட்டேன். நன்னிலத்தில் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், முப்பது வயசு, என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள்.

"எண்ணிக்கை எங்கடி முடியும்?"

"முடியாது அத்தை."

"முடியாதுன்னா? கோடிக்கு மேல?"

"கோடியே ஒண்ணு."

"அடிப்பாவி! அதுக்கு மேல?"

"எதைச் சொன்னாலும் அதோட ஒண்ணைக் கூட்டலாம் அத்தை. அதுக்கு முடிவிலின்னு பேரு."

"பேரு வச்சுட்டீங்க, சரி. பேரு வச்சா ஆச்சா? அங்க என்ன இருக்குன்னு யாராச்சும் பாத்துட்டு வந்தீங்களா?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். தட்டிலிருந்த முறுக்கில் ஒன்றை எடுத்துப் பாதியாக ஒடித்தாள். "பெருசா மட்டும் இல்ல அத்தை, சின்னதாவும் போகும். இதுல பாதி சாப்பிடுங்க. மிச்சத்துல பாதி. அந்த மிச்சத்துல பாதி. கடைசி வரைக்கும் கொஞ்சம் மிஞ்சிக்கிட்டேதான் இருக்கும்."

"எங்க வீட்டுல முறுக்கு அப்படியெல்லாம் மிஞ்சினது கிடையாது" என்று இரண்டு பாதியையும் வாயில் போட்டுக்கொண்டேன். படித்தவர்கள் பேச்சு அப்படித்தான் என்று தள்ளிவிட்டேன். உள்ளே அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரிலிருந்து மகன் சேரன் போன் பண்ணினான். "டிவியச் சத்தமா வச்சுக்கம்மா" என்றான். நல்ல பிள்ளையைப் பெற்றேன்! போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது.

கல்யாணம் ஆன காலத்தில் இவர் பண்ணைக் களத்தில் நெல் அளக்கிறவர். நாங்கள் கூலிக்காரர்கள். குத்தகைக்கு ஆறு மா நிலம் பிடித்ததெல்லாம் பிற்பாடு. எங்கள் பக்கம் நெல் அளந்தால் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று ராகம் போட்டுக்கொண்டே போவார். குவியல் தீர்ந்ததும் எண்ணிக்கையும் நின்றுவிடும். எண்ணிக்கை நிற்க வேண்டுமானால் கண் முன்னால் ஒரு குவியல் வேண்டும் அல்லவா? இந்த மனுஷனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெறும் காற்றை அளந்தால் எங்கே போய் நிற்கும்? அட, இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லில் ஒரு மூட்டையை இழுத்து வந்து, வாசலில் தார்ப்பாய் விரித்துக் கொட்டினேன். ஒரு மூட்டை இரண்டு கலம், இருபத்து நாலு மரக்கால். இருபத்து நாலில் எல்லாம் முடிந்துவிடும். பரணிலிருந்து மரக்காலை இறக்கித் துடைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்தில் இருந்தவரின் மடியில் வைத்தேன்.

எண்ணுவது நின்றது.

மரக்காலின் விளிம்பைத் தடவினார். நாற்காலியை விட்டு இறங்கி, குவியல் பக்கத்தில் குந்தி, நெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மரக்காலை நெல்லுக்குள் செருகி நிரப்பி, கையால் தலை தட்டி, அந்தப் பக்கம் கவிழ்த்தார்.

"லாபம்" என்றார்.

லட்சம் போய்விட்டது. மாரியம்மா, லட்சம் போய்விட்டது! "ரெண்டு" என்றார். அறிவுமதி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்தவள், தெருவில் அப்படியே நின்றாள். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். பத்து, பதினைந்து, இருபது. கை நடுங்கவில்லை, ஒரு நெல் வெளியே சிந்தவில்லை. இருபத்து மூணு என்று கவிழ்த்தபோது, தார்ப்பாயில் இன்னும் ஒரு மரக்கால் நெல்தான் கிடந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்து என் பேர்.

அவர் மரக்காலில் பாதிதான் அள்ளினார். "இருபத்து நாலு." பாதியைக் கீழே விட்டுவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. களத்தில் பிறந்து களத்தில் வளர்ந்த எனக்கு இது எப்படி மறந்தது! அளக்கிறவன் குவியலை அடியோடு வழித்து அளக்கக்கூடாது. கொஞ்சம் மிச்சம் விட வேண்டும், தீர்ந்தது என்ற சொல்லும் களத்தில் கூடாது, லட்சுமி போய்விடும். மிச்சத்தை விட்டுவிட்டு அவர் எழுந்து முதுகைத் திருப்புவார், அதன் பிறகு நாங்கள் பொம்பளைகள் அதை அள்ளிக்கொள்வோம். இப்போது அவருக்கு எழுந்துகொள்வது மறந்துவிட்டது. மிச்சம் விடுவது மட்டும் மறக்கவில்லை.

விட்ட மிச்சத்தைப் பார்த்தார். அளக்காத நெல் கிடக்கிறது. அதில் பாதியை அள்ளினார். "இருபத்து அஞ்சு." பாதியை விட்டார். அதில் பாதி. பிறகு மரக்காலை வைத்துவிட்டு உள்ளங்கையால் அள்ளினார். பிறகு விரல் நுனியால். வெயில் ஏறியது. "உள்ள வாங்க, போதும்" என்று தோளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. நாற்பதுக்கு வந்தபோது தார்ப்பாயில் ஒற்றை நெல் கிடந்தது. அதை நகத்தால் உமி நீக்கி, அரிசியைப் பல்லில் வைத்துக் கடித்து, பாதியை அந்தப் பக்கம் வைத்தார். "நாப்பத்தி ஒண்ணு." மீதிப் பாதியை மறுபடி கடித்தார்.

எனக்குப் புரிந்தது. எந்தப் பள்ளிக்கூடமும் போகாமல், வயிறு எரிய எரியப் புரிந்தது. முடிவில்லாதது எங்கேயோ கோடிக்கு அப்பால் இருக்கிறது என்று நினைத்தேன். அது ஒரு நெல்லுக்குள்ளேயே இருந்தது. என் புருஷன் அதற்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறார். என்னால் அங்கே போகவும் முடியாது, அவரை இழுக்கவும் முடியாது.

எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்ததோ தெரியவில்லை. விளக்குமாற்றை எடுத்து வந்தேன். அவர் விரலுக்கு அடியில் கிடந்த பொடியைக் கூட்டினேன், அளந்து வைத்த நெல்லை எல்லாம் தெருவரைக்கும் வாரி வாரி அடித்தேன். தார்ப்பாயை உருவி உதறினேன். "தீந்துபோச்சு! பாருங்க, தீந்தே போச்சு! ஒண்ணும் இல்ல!" என்று கத்தினேன். தெருவே கேட்டது.

அவர் வாய் மூடியது. வெறும் தரையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், நாலு மாதத்தில் முதல் தடவையாக. நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவர் எதிரே மண்டியிட்டேன்.

"ஏங்க, நான் யாரு? சொல்லுங்க. பேரு சொல்லுங்க."

"நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்றார்.

"அம்சங்க. உங்க அம்சம்."

"சரிம்மா" என்றார், வெளியூர்க்காரர்களிடம் பேசுகிற மரியாதையோடு.

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஒரு எண் இல்லை, ஒரு சொல் இல்லை. நாற்காலியில் உட்கார வைத்தால் உட்கார்கிறார். மரக்காலை மடியில் வைத்துப் பார்த்தேன், சாக்கு நெல்லைக் கொட்டிக் காட்டினேன், நானே எண்ணிக் காட்டினேன். பார்வை எங்கேயோ இருக்கிறது. சேரன் போனில் கேட்டான், "சத்தம் நின்னுடுச்சாம்மா? அப்பாடா" என்று.

நேற்று அறிவுமதி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடியாது முடியாதுன்னியே, நான் முடிச்சுட்டேன் பாத்தியாடி" என்றேன்.

"விடுங்க அத்தை."

"அவர் எண்ணிக்கிட்டிருந்த வரைக்கும், இந்த எண்ணுக்கு அப்புறம் என் பேரு வரும், வரலையா, சரி, அடுத்ததுக்கு அப்புறம் வரும்னு உக்காந்திருப்பேன். நாள் பூரா எனக்கு அடுத்ததுன்னு ஒண்ணு இருந்துச்சு. அதைத்தான் நான் கூட்டித் தள்ளிட்டேன்."