வண்டி நின்ற இடம்

முன்னால் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் பின்சீட்டைப் பிடித்துத் தள்ளி வண்டியை சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்கள். எஞ்சினுக்கு அடியில் கிடந்த அட்டை யாரோ ஒருவரின் காலில் பட்டுச் சுவரோரமாக நழுவிப் போனது.

"அத..." என்றாள் முனிலட்சுமி.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் மேற்கொண்டு சொல்லவில்லை. வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் செத்துக் கிடக்கும்போது, வண்டிக்கு அடியில் இருந்த அட்டையைப் பார்த்து எடுங்கள் என்று ஒருத்தி எப்படிச் சொல்வாள்?

ஃப்ரீசர் பெட்டி ஏற்றிய டெம்போ தெருமுனையில் நின்றிருந்தது. தகரம் போட்ட முன்வாசலைத் தவிர அந்தப் பெட்டியை வைக்க வீட்டில் வேறு இடம் இல்லை. வண்டியைத் தெருவின் எதிர்ப்பக்கம் புங்க மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அது நின்றிருந்த இடத்தில் சிமென்ட் தரையில் எண்ணெய்க் கறை, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, கறுப்பாக இருந்தது. ஒருவர் அதன்மேல் ஒரு கூடை மணலைக் கொட்டினார்.

ஆடி மாதம் அவள் வீட்டுக்காரர் திம்மப்பனுக்கு நெஞ்சுவலி வந்து கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, வண்டி அங்கேயே சும்மா நின்றிருந்தது. திரும்பி வந்து கிக்கரை உதைத்து ஓட்டிப் பார்த்த மறுநாள் காலையில்தான் எண்ணெயின் முதல் சொட்டு. அடிப் போல்ட்டின் வாஷரை மாற்றினார். அங்கே நின்றது, எஞ்சின் மூடியின் விளிம்பில் கசிந்தது. மூடியைக் கழற்றிப் பேக்கிங் மாற்றிப் பேஸ்ட் வைத்தார். கியர் மிதிக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே சீல் மாற்றினார். ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் வந்தது. சூளகிரி பைபாஸில் கடை வைத்திருக்கும் மெக்கானிக், எஞ்சினையே இறக்கிப் பிரித்தால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டான். அதன்பிறகு அந்தக் கடைப் பக்கம் அவர் போகவில்லை. வண்டியில் எங்கும் போவதும் நின்றுவிட்டது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அட்டையைப் போட்டு, காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குனிந்து பார்ப்பார்.

முனிலட்சுமியின் வேலை டார்ச் பிடிப்பது.

கிரானைட் பட்டறையில் கல் அறுக்கும் மெஷினோடு ஆயுளைக் கழித்தவர் அவர். அந்தச் சத்தத்தில் வாயால் பேசிப் பயனில்லை. எல்லாவற்றையும் கையால் காட்டிப் பழகியிருந்தார். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாதம் போதும் என்றால் கை. கதவைச் சாத்து என்றால் கை. எண்ணெய் ஒழுக ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் பேச்சு என்று ஒன்று வந்தது.

"லைட்ட இப்டி காட்டு."

"இப்டியா?"

"ஆட்டாத."

அவ்வளவுதான். ஆனாலும் சாயங்காலம் ஆனதும் அவள் டார்ச்சைச் சார்ஜில் போட்டு எடுத்துத் தயாராக வைத்திருப்பாள். கோணியில் அவர் மல்லாந்து படுத்திருக்க, அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். நெடுஞ்சாலையில் கொத்தமல்லி ஏற்றிய லாரிகள் போகும்போது வாசல்வரை மணம் வரும். இருவரும் அதைப் பற்றி எதுவும் பேசிக்கொண்டதில்லை.

நேற்றுச் சாயங்காலம் கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஃபேன் வந்த பெட்டியைக் கிழித்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி எஞ்சினுக்கு அடியில் வைத்தார்.

"எல்லா வழியும் அடச்சாச்சு. இனி எங்க போவுதுன்னு காலைல பாத்துக்கலாம்."

அவளிடம் சொன்னாரா, எஞ்சினிடம் சொன்னாரா, தெரியவில்லை. சோப்புத்தூள் போட்டுக் கை கழுவினார். களி சாப்பிட்டுப் படுத்தார்.

விடிந்ததும் பால் பாக்கெட் எடுக்க அவள் வண்டியைத் தாண்டித்தான் போனாள். குனிந்து பார்த்திருக்கலாம். அது அவர் பார்க்க வேண்டியது என்று விட்டுவிட்டாள். டீயை எடுத்துக்கொண்டு போய்த் தோளைத் தொட்டபோது தோள் சில்லென்று இருந்தது.

முன்வாசல் தெருப்பக்கம் சரிவாக இருந்ததால் பெட்டி ஆடியது. டெம்போக்காரர் சுற்றுமுற்றும் பார்த்து, சுவரோரம் கிடந்த அட்டையை எடுத்து இரண்டாக மடித்து, பெட்டியின் ஒரு காலுக்குக் கீழே வைத்து மிதித்தார். வெள்ளைப் பக்கம் உள்ளே போய்விட்டது. பெட்டி ஆடாமல் நின்றது. அதற்குள் திம்மப்பனைப் படுக்க வைத்தார்கள்.

மகன் தமிழரசன் ஓசூரிலிருந்து மனைவி கவிப்ரியாவோடு வந்து, பெட்டிமேல் விழுந்து அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைகளைப் பார்க்கப் போனான். சாமியானா, நாற்காலி, சாமந்தி மாலை, குழி வெட்டும் ஆள் என்று ஒன்றன்பின் ஒன்றாக அவன் போனில் பேசும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. முனிலட்சுமி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எப்படிப் போனார் என்று கேட்டார்கள். தூக்கத்துலயே என்றாள். நல்ல சாவு என்றார்கள். அவள் பார்வை அடிக்கடி பெட்டியின் காலுக்குப் போய் வந்தது.

மதியத்துக்கு முன் உத்தனப்பள்ளியிலிருந்து திம்மப்பனின் தங்கை கெம்பம்மா வந்தாள். பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலுமாக அண்ணனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். அழுகை ஓய்ந்து எல்லோரும் களைத்துப் போயிருந்த நேரத்தில் அந்தக் குளவி வந்தது.

இடுப்பு மெலிந்த கறுப்புக் குளவி. தகரத்துக்குக் கீழே நுழைந்து கால்மாட்டுப் பக்கம் தாழ்ந்து பறந்தது. ஒரு பெண் துண்டை ஓங்கினாள்.

"அடிக்காதம்மா," என்று கெம்பம்மா அவள் கையைப் பிடித்தாள். "எங்கண்ணன்தான் வந்திருக்குது. ஊட்ட உட்டுப் போவ மனசில்லாம சுத்துது பாரு."

சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பட்டறைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "உசுரோட இருக்கறப்ப ஒரு சத்தம் போட்டதில்ல மனுசன். இப்ப இந்த ரீங்காரமா?"

இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கெம்பம்மாவுக்கே அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது.

முனிலட்சுமி சிரிக்கவில்லை. அந்தக் குளவியை அவளுக்குத் தெரியும். அவர் உயிரோடு இருந்தபோதே வந்துகொண்டிருந்த குளவிதான். புரட்டாசியில் ஒருநாள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தபோது சீட்டுக்குக் கீழே அது நுழைவதைப் பார்த்து, "அங்க ஒரு குளவி..." என்று ஆரம்பித்தாள். "லைட்ட ஆட்டாத," என்றார். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை.

இப்போது அதன் வாயில் சிறு மண் உருண்டை இருந்தது. அது பெட்டியைச் சுற்றவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. கால்மாட்டுக் கண்ணாடியை ஒட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே, காற்றில் ஒரே இடத்தில் நின்றது. பின்வாங்கியது. ஒரு வட்டம் அடித்து, மறுபடியும் அதே உயரத்துக்கு, அதே இடத்துக்கே வந்தது. அங்கே எதுவும் இல்லை.

வண்டி நின்றிருந்தால் அங்கே என்ன இருந்திருக்கும் என்று அவள் யோசித்தாள். முன்சக்கரம் அந்தத் தூணருகே. எஞ்சின் மணல் கொட்டிய இடத்தில். அதற்குப் பின்னால், கீழ்நோக்கித் தொங்கும் ஒரு ரப்பர் குழாய். விரல் தடிமன்கூட இருக்காது. எதற்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எண்ணெய்க் கசிவைப் பார்ப்பதற்காக அவர் எத்தனையோ முறை அதை விரலால் ஒதுக்கியிருக்கிறார். அவள் பிடித்த வெளிச்சம் அதன்மேலும் விழுந்திருக்கிறது. அதன் நுனியில் ஓட்டை தெரிந்ததா, மண் தெரிந்ததா? நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அவர் கைகள்தான் நினைவுக்கு வந்தன.

எதிரே புங்க மரத்தடியில், வந்தவர்களில் ஒருவர் வண்டிமேல் சாய்ந்துகொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய்ப் பார்க்க நாலு எட்டுதான். தலைமாட்டை விட்டு அவள் எழுந்திருக்க முடியாது.

பொழுது சாயும் முன் எடுத்தார்கள். தெருமுனைவரை போனாள். அங்கே பெண்கள் அவளை நிறுத்தித் திருப்பிக் கூட்டிவந்தார்கள். தப்பு மேளச் சத்தம் ஏரிப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே டெம்போக்காரர் வந்து பெட்டியை ஏற்றினார். அட்டை தரையில் ஒட்டிக் கிடந்தது. வாசல் கழுவ ஊற்றிய தண்ணீர் அதன்மேல் ஓடியது. முனிலட்சுமி அதை உரித்தெடுத்துப் பிரித்தாள். வெள்ளைப் பக்கம் முழுவதும் ஊறி, அங்கங்கே கறுத்து, பெட்டிக்கால் அழுந்திய இடத்தில் கிழிந்திருந்தது. எது தண்ணீர், எது எண்ணெய், எது தரையின் பழைய கறை என்று சொல்ல முடியவில்லை. வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"குடுங்க அத்த," என்று கவிப்ரியா அதை மெதுவாக வாங்கிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டாள்.

மறுநாள் காலையில் ஆண்கள் போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்தார்கள். தமிழரசன் தலைக்குக் குளித்துவிட்டு வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தான். ஓசூரில் பழைய வண்டி எடுக்கும் ஒருவரிடம் பேசிவிட்டதாகவும், மதியம் மினிலாரி வரும் என்றும் சொன்னான். இனி யார் ஓட்டப் போகிறார்கள், தெருவில் நின்று மழையில் நனைகிறது என்றான். கொஞ்ச நேரம் கழித்து, காரியம் முடிந்ததும் அவளும் தங்களோடு வந்துவிட வேண்டும் என்றான். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னான்.

அவள் எதிரே மரத்தடியில் நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"வண்டிய உள்ள கொண்டாந்து நிறுத்து," என்றாள்.

"எதுக்கும்மா?"

"நின்ன எடத்துலயே."

அவன் போய்த் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் அடுப்படியில் மிக்ஸி பெட்டியின் மூடியைக் கிழித்தெடுத்து வந்து, வெள்ளைப் பக்கம் மேலாக எஞ்சினுக்கு அடியில் வைத்தாள்.

"ஸ்டார்ட் பண்ணு."

கெம்பம்மா நிலைவாசலுக்கு வந்தாள். "அண்ணி, என்னாத்துக்கு இதெல்லாம் இப்ப? நேத்துதான மண்ணு போட்டாங்க."

தமிழரசன் அத்தையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு கிக்கரை உதைத்தான். பல உதைக்குப் பிறகு எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. அவன் ஆக்ஸிலேட்டரைப் பிடித்தபடியே நின்றான். யார் பேசினாலும் கேட்டிருக்காது. சூடு ஏற ஏற, திம்மப்பன் கடைசியாக அடைத்த மூடியின் கீழ் விளிம்பில் ஒரு பளபளப்பு தெரிந்தது. அது திரண்டது. தொங்கியது. வெள்ளை அட்டையில் விழுந்தது.

தமிழரசன் குனிந்து பார்த்தான்.

"நிக்கலம்மா," என்றான். "அப்பா இத்தன நாளு..."

முனிலட்சுமி வண்டியின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"லைட்ட இப்டி காட்டு."

அவன் ஒரு கையால் போனை எடுத்து வெளிச்சத்தைப் போட்டு நீட்டினான். வெளிச்சம் சங்கிலியில் விழுந்தது, சக்கரத்தில் விழுந்தது. அவன் இன்னொரு கை ஆக்ஸிலேட்டரில் இருந்தது.

"ஆட்டாத."

வெளிச்சம் நின்றது. ரப்பர் குழாயைப் பிடித்து நுனியைத் தன் பக்கம் திருப்பினாள். ஓட்டை இல்லை. செம்மண், வழவழவென்று பூசினாற்போல் காய்ந்திருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவி அதில் குத்தினாள். மேல்மண் புதிது, உதிர்ந்தது. உள்ளே இருந்தது பழைய மண், கல் மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள். துண்டு துண்டாக அட்டையில் விழுந்தது. கூடவே குளவி கொண்டுவந்து அடைத்திருந்த சிலந்தி ஒன்று, காய்ந்து, காலை மடக்கியபடி. இன்னும் ஆழமாக ஊசியை விட்டாள். மிச்ச மண் தானாகவே வெளியே தெறித்து அவள் மணிக்கட்டில் பட்டது.

"என்னம்மா அது?"

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, குழாயின் நுனிக்கு எதிரே உள்ளங்கையைப் பிடித்தாள்.

"ஆஃப் பண்ணிடட்டுமா?"

"இருக்கட்டும்."

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வேறு வழி தேடிய காற்று, வெதுவெதுப்பாக, உள்ளங்கையில் விட்டுவிட்டு வந்து பட்டுக்கொண்டிருந்தது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.